சோடா விற்றுப் பல் கல்லூரி நடத்திய டாக்டர்

பல் போனால் சொல் போகும் என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போகிறது. கரும்பு போகிறது. கருவாட்டைக் கடித்துச் சாப்பிடும் ருசி போகிறது. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் வருகிறது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது, ஆச்சி மெல்லப் பின்வரிசைக்குப் போய்விடுகிறாள்.

தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது, புன்னக்காயல். மீன் பிடிக்கும் ஊர். தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து அறுக்கிறவர்கள் அங்கே உண்டு. பக்கத்தில் ஆத்தூர். வெற்றிலைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. வெற்றிலை வாசலில் விளைந்தால், பாக்கும் புகையிலையும் அதன் பின்னாலேயே வந்துவிடும். வெற்றிலை தனியாகப் பல்லைக் கெடுப்பதில்லை. கூட வரும் பாக்கும் புகையிலையும்தான் ஈறைக் கெடுக்கின்றன.

வைத்தியம் புன்னக்காயலுக்குப் புதிது அல்ல. 400 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு ஹென்றிக்ஸ் பாதிரியார் வாழ்ந்தார். போர்ச்சுக்கல் நாட்டுக்காரர். தமிழ் படித்தவர். 1578-ம் ஆண்டு கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்ற தமிழ்ப் புத்தகம் அவர் ஆக்கியது. அவர் காலத்திலேயே புன்னக்காயலில் ஏழைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி நடந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்கு இன்று ஒரு புதுக் கேள்வி வந்திருக்கிறது. போன பல்லுக்குப் பதிலாக, எலும்பிலேயே பல் பதிக்கிறார்களாம். "இம்பிளாண்ட்" என்று அதற்குப் பெயர். தூத்துக்குடிக்குப் போனாலும், திருநெல்வேலிக்குப் போனாலும், தெருவுக்குத் தெரு பல் டாக்டர் பலகை தொங்குகிறது. யாரிடம் போவது? யாரை நம்பி வாயைத் திறப்பது?

இந்தக் கேள்வி இந்தியா முழுவதும் ஒரு காலத்தில் இருந்தது. அப்போது பதில் சொல்ல யாருக்கும் வழி இல்லை. வழி உண்டாக்கியவர்களில் முதன்மையானவர் டாக்டர் ரபியுதீன் அகமது. இந்திய நாட்டின் முதல் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கியவர். இந்தியப் பல் வைத்தியத்தின் தந்தை என்று அவரை அழைக்கிறார்கள்.

அவருடைய கதை இது.

குறடே வைத்தியம்

முதலில் அந்தக் கால நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல் வலி வந்தால் கிராம்பை வைத்து அடக்குவார்கள். அடங்காவிட்டால், ஒரே வழி பிடுங்குவது. பிடுங்குகிறவர் சந்தையில் இருப்பார். திருவிழாக் கூட்டத்தில் இருப்பார். சில ஊர்களில் முடி திருத்துகிறவரே பல்லும் பிடுங்குவார். கையில் ஒரு குறடு. முன்னால் ஒரு துணி. துணியின் மேல், பிடுங்கிய பற்கள் குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியல்தான் விளம்பரம்!

பெரிய நகரங்களில் வெள்ளைக்காரப் பல் டாக்டர்கள் சிலர் இருந்தார்கள். கல்கத்தாவில் சீனப் பல் வைத்தியர்களும் இருந்தார்கள். அப்பாவிடம் மகன் தொழில் கற்றுக்கொண்டான். கெட்டிக்காரர்களும் அவர்களில் உண்டு. ஆனால், யார் கெட்டிக்காரர், யார் குறடு மட்டும் வாங்கியவர் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வாயைத் திறந்த பிறகுதான் தெரியும்.

இந்தியாவில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் அப்படித்தான் இருந்தது.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். பெரும் படையை நடத்தியவர். ஆனால் பல் வலியை வெல்ல முடியவில்லை. பல டாக்டர்களிடம் போனார். ஒவ்வொரு பல்லாகப் போயிற்று. 1789-ம் ஆண்டு அவர் ஜனாதிபதி ஆனபோது, வாயில் மிச்சம் இருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று! நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கி, மனிதப் பற்களைப் பொருத்தி, நியூயார்க் டாக்டர் ஜான் கிரீன்வுட் அவருக்குப் பல் செட்டு செய்து கொடுத்தார்.

மனிதப் பல் எங்கிருந்து கிடைத்தது? ஏழைகள் வாயில் இருந்துதான். வாஷிங்டன் பண்ணையின் 1784-ம் ஆண்டுக் கணக்கில், அடிமைகளின் 9 பற்களுக்குப் பணம் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. போன பல்லுக்குப் பதில் பல் தேடும் ஆசை அவ்வளவு பழையது. அதில் ஏமாற்றும் கொடுமையும் நடந்ததும் அவ்வளவு பழையது.

பல் வைத்தியத்தைத் தனிப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கும் உலகின் முதல் கல்லூரி, 1840-ம் ஆண்டில்தான் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் தொடங்கியது. அதற்கு 80 ஆண்டுகள் கழித்தே இந்தியாவில் அப்படி ஒரு கல்லூரி வந்தது. அதைத் தொடங்கியவர்தான் அகமது.

கிழக்கு வங்காளச் சிறுவன்

1890-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ந் தேதி அகமது பிறந்தார். சொந்த ஊர், கிழக்கு வங்காளத்தில் பர்தன்பாரா. இப்போது அந்தப் பகுதி வங்காளதேச நாட்டில் இருக்கிறது.

பையன் படிப்பில் சூட்டிகை. சர் சையது அகமது கான் நிறுவிய அலிகார் கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1908-ம் ஆண்டு அங்கே பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் பட்டம் பெற்ற வாலிபனுக்கு முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, சர்க்கார் உத்தியோகம். மற்றொன்று, லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டர் பட்டம் வாங்குவது. அகமது இரண்டையும் விட்டார். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே போய் அவர் படித்தது பல் வைத்தியம்!

இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அன்று அப்படி இல்லை. பல் பிடுங்குவது என்றால், சந்தையில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றே ஊரார் நினைத்தார்கள். கடல் கடந்து போய் அதையா படிப்பது?

அகமது படித்தார். அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையின் பல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1915-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

அப்போது முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அகமது அமெரிக்காவிலேயே தங்கினார். பாஸ்டன் நகரில் ஒரு புதிய பல் ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள். ரப்பர் வியாபாரத்தில் பணம் சம்பாதித்த பார்சித் சகோதரர்கள், இறந்துபோன தங்கள் சகோதரர்களின் ஞாபகமாகக் கட்டியது. ஏழைக் குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட ஆஸ்பத்திரி. அங்கே அகமது வேலை பார்த்தார்.

குழந்தையின் பல்லைக் காப்பாற்றினால், பெரியவனுக்குப் பல் செட்டு வேண்டாம். வலி வந்த பிறகு பிடுங்குவது வைத்தியம் அல்ல. வலி வராமல் காப்பதே வைத்தியம். அந்த ஆஸ்பத்திரி நடந்தது இந்த முறையில்தான். வரிசையாக நாற்காலிகள். வரிசையாகக் குழந்தைகள். சுத்தமான கருவிகள். ஒவ்வொருவருக்கும் சீட்டு, கணக்கு. குறடும் துணியும் மட்டுமே பார்த்த நாட்டில் இருந்து வந்த வாலிபர், அங்கே மூன்று ஆண்டுகள் வரை வேலை பார்த்தார்.

யுத்தம் முடிந்தது. அமெரிக்காவிலேயே இருந்திருந்தால், நல்ல வருமானத்தோடு வாழ்ந்திருக்கலாம். அகமது 1919-ம் ஆண்டு தாயகம் திரும்பினார்.

சோடாக் கடை

கல்கத்தாவுக்கு வந்த அகமது, பல் வைத்தியம் செய்தார். ஆனால், ஒரு டாக்டர் எத்தனை வாய் பார்க்க முடியும்? நாட்டில் கோடிக்கணக்கான வாய்கள். ஒரு டாக்டர் போதாது. டாக்டர்களை உண்டாக்கும் இடம் வேண்டும்.

1920-ம் ஆண்டில் கல்கத்தாவில் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் கல்லூரி அதுதான்.

கல்லூரி நடத்தப் பணம்? அன்று ஆண்டது வெள்ளைக்காரச் சர்க்கார். அதை நம்பி அவர் காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் வாழ்ந்தவர் அல்லவா? அங்கே நகரத்துக்கு நகரம் சோடாக் கடை உண்டு. குளிர்ந்த சோடா, பழரசம் எல்லாம் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள். அதே மாதிரி ஒரு கடையைக் கல்கத்தாவில் திறந்தார். பெயர், "நியூயார்க் சோடா பவுண்டன்". அதில் வந்த வருமானத்தைக் கல்லூரிக்குப் போட்டார்.

கல்கத்தா வெயிலுக்கு, ஜில்லென்று சோடா குடித்தார்கள் ஜனங்கள். அவர்கள் கொடுத்த காசு, பல் கல்லூரி நாற்காலியாக ஆயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சர்க்கரை போட்ட சோடா பல்லைக் கெடுக்கும். பல்லைக் கெடுக்கும் சரக்கை விற்று, பல்லைக் காக்கும் கல்லூரியை நடத்தினார் டாக்டர்!

ஆரம்பத்தில் சின்னக் கல்லூரி. கொஞ்சம் மாணவர்கள். படிப்பு குறுகிய காலம்தான். போகப்போகப் படிப்பின் காலம் நீண்டது. பாடங்கள் கூடின.

ஆரம்ப கால மாணவிகளில் ஒருவர் பாத்திமா ஜின்னா. பாகிஸ்தானை உண்டாக்கிய முகமது அலி ஜின்னாவின் தங்கை. கல்கத்தாவில் படித்து முடித்து, 1923-ம் ஆண்டு பம்பாயில் பல் வைத்தியசாலை திறந்தார். பெண்கள் வெளியே வருவதே அரிதாக இருந்த காலத்தில், ஒரு பெண் பல் டாக்டர்! அகமதுவின் கல்லூரி செய்த காரியங்களில் அதுவும் ஒன்று.

பேனா பிடித்தார்

கல்லூரி மட்டும் போதாது என்று டாக்டர் அகமதுவுக்குத் தெரிந்தது. படித்து வெளியே போன டாக்டர், தனியாக ஓர் ஊரில் உட்கார்ந்துவிடுகிறார். புதிய விஷயங்கள் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் தப்புச் செய்தால் யார் கேட்பது?

1925-ம் ஆண்டில் வங்காளப் பல் டாக்டர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார். அதே ஆண்டில் "இந்தியன் டென்டல் ஜர்னல்" என்ற பத்திரிகையைத் தொடங்கி, பல ஆண்டுகள் அவரே ஆசிரியராக இருந்தார். 1928-ம் ஆண்டில் மாணவர்களுக்காகப் பாடப் புத்தகம் எழுதினார்.

கல்கத்தா நகரசபையிலும் அங்கத்தினராக இருந்தார். பகலில் வகுப்பு. பிறகு நோயாளிகள். இடையில் பத்திரிகை வேலை. நகரசபைக் கூட்டம். ஒரு மனிதர் இத்தனை வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவரும் பலகை மாட்டினார். ஒன்றுமே படிக்காதவரும் பக்கத்துக் கடையில் அதே பலகையை மாட்டினார். இருவருக்கும் பெயர் பல் டாக்டர்! தெருவில் போகும் ஏழைக்கு இரண்டு பலகையும் ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் குறடு பிடிக்கலாம் என்று இருந்தால், கல்லூரி எதற்கு? படிப்பு எதற்கு?

இதற்குச் சட்டம் வேண்டும்.

பெயர்ப் பட்டியல்

1939-ம் ஆண்டு வங்காளத்தில் பல் டாக்டர்கள் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவர முன்னால் நின்று பாடுபட்டவர் அகமது. அது ஒரு மாகாணத்துக்கு மட்டும்தான். நாடு முழுவதற்கும் வேண்டும் அல்லவா?

1947-ல் சுதந்திரம் கிடைத்தது. மறு ஆண்டே, 1948-ல், இந்தியா முழுவதற்குமான பல் டாக்டர்கள் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1949-ம் ஆண்டு இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது.

அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது? சாதாரண ஜனங்களுக்கு முக்கியமானது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். தகுதி உள்ள பல் டாக்டரின் பெயர் அதில் பதிவாக வேண்டும். பெயர் இல்லாதவர் பல் டாக்டர் தொழில் செய்தால், குற்றம்.

அப்படியானால், காலம் காலமாகத் தொழில் செய்துவந்த, பட்டம் இல்லாதவர்கள் என்ன ஆவார்கள்? அவர்கள் வயிற்றில் அடிக்கலாமா? சட்டம் அதையும் யோசித்தது. பட்டியலை இரண்டு பாகமாகப் பிரித்தார்கள். முதல் பாகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்கள். இரண்டாம் பாகத்தில், பட்டம் இல்லாவிட்டாலும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இதையே பிழைப்பாகச் செய்துவந்தவர்கள். பழையவர்களுக்குப் பிழைப்பு போகவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் படிக்காமல் வழி இல்லை.

சென்னையில் 1953-ம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து பல் வைத்தியப் படிப்பு தொடங்கியது. பிறகு அது தனிக் கல்லூரியாக வளர்ந்தது. நம் ராஜ்யத்துப் பையன்களும் பெண்களும் பல் டாக்டர் ஆவதற்கு இனிக் கல்கத்தாவுக்கு ரெயில் ஏற வேண்டியது இல்லை என்று ஆயிற்று.

கல்லூரியைக் கொடுத்தார்

நாடு இரண்டாகப் பிரிந்தபோது, அகமது பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அவரிடம் படித்த பாத்திமா ஜின்னாவும் பாகிஸ்தானுக்குப் போனார். அகமது கல்கத்தாவிலேயே இருந்தார்.

1949-ம் ஆண்டில் ஒரு பெரிய காரியம் செய்தார். கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த கல்லூரியை, மேற்கு வங்காளச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டார். சோடா விற்ற காசில் தொடங்கிய கல்லூரி! வேறு ஒருவராக இருந்தால், மகன் பேருக்கு எழுதிவைத்திருப்பார். இல்லாவிட்டால், நல்ல விலைக்கு விற்றிருப்பார். அகமது அதைப் பொதுச் சொத்தாக ஆக்கினார். கல்லூரி கல்கத்தா சர்வகலாசாலையோடு சேர்ந்து, மாணவர்கள் பல் வைத்தியத்தில் பட்டம் வாங்கும் இடமாயிற்று.

மேற்கு வங்காளத்தின் முதல் மந்திரியாக அப்போது இருந்தவர் டாக்டர் பி.சி.ராய். அவரும் பெரிய வைத்தியர். அவர் அகமதுவை மந்திரி ஆக்கினார். 1950-ம் ஆண்டு முதல் 1962-ம் ஆண்டு வரை அகமது மந்திரியாக இருந்தார். விவசாயம், கூட்டுறவு, நிவாரணம் ஆகிய இலாக்காக்களைப் பார்த்தார். கிழக்கு வங்காளத்தில் இருந்து அகதிகள் கூட்டம் கூட்டமாகக் கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

1964-ம் ஆண்டு இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1965-ம் ஆண்டு அவர் காலமானார். அவர் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கல்கத்தாவில் டாக்டர் ஆர்.அகமது பல் மருத்துவக் கல்லூரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்த டிசம்பர் 24-ந் தேதியை, இந்தியப் பல் டாக்டர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அதே 1965!

டாக்டர் அகமது கண்ணை மூடிய அதே 1965-ம் ஆண்டில், சுவீடன் நாட்டில் வேறு ஒன்று நடந்தது.

அங்கே பிரனமார்க் என்று ஒரு டாக்டர். அவர் பல் டாக்டர் அல்ல. எலும்பு எப்படிக் கூடுகிறது என்று ஆராய்ந்தவர். 1952-ம் ஆண்டு, முயலின் கால் எலும்பில் டைட்டானியம் என்ற உலோகத்தால் செய்த சிறு குழலைப் பதித்துப் பார்த்தார். ஆராய்ச்சி முடிந்தது. குழலை எடுக்கப் போனால், வரவில்லை! எலும்பு அந்த உலோகத்தைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

எலும்பு டைட்டானியத்தை ஏற்றுக்கொள்கிறது என்றால், அதில் பல்லை நிறுத்தலாமே? 1965-ம் ஆண்டு, பல் இல்லாமல் அவதிப்பட்ட கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியம் திருகாணிகளைப் பதித்து, மேலே பல் மாட்டினார். லார்சன் 2006-ம் ஆண்டு இறந்தார். 40 ஆண்டுகள் அந்தத் திருகாணிகள் அவர் தாடையில் நின்றன!

வாஷிங்டனுக்குக் கிடைக்காதது, சுவீடன் நாட்டுச் சாதாரண மனிதருக்குக் கிடைத்தது. இன்று அது நம் ஊருக்கும் வந்துவிட்டது.

வைத்தியம் வந்துவிட்டது. சரி. செய்கிறவர் யார்? அதற்குத்தான் அகமது விட்டுப்போன பட்டியல் இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது

பல் பதிக்க நினைப்பவர்கள், அவசரப்பட வேண்டாம். பல் இல்லாமல் இத்தனை நாள் இருந்தாயிற்று. இன்னும் ஒரு வாரம் விசாரித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

முதல் கேள்வி: டாக்டர் பெயர் பட்டியலில் உண்டா? தமிழ்நாட்டில் பல் டாக்டர்களின் பெயரைப் பதிவு செய்வது, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில். பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பலகையில் பாருங்கள். சீட்டில் பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். 2023-ம் ஆண்டு பார்லிமெண்டு பல் மருத்துவத்துக்குப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. அதிலும் பெயர்ப் பட்டியல் உண்டு.

இரண்டாம் கேள்வி: இந்த வேலையில் அவருக்குப் பழக்கம் உண்டா? பி.டி.எஸ். என்பது பல் வைத்தியத்தின் முதல் பட்டம். எம்.டி.எஸ். என்பது மேல் பட்டம். பல் கட்டுவதில், வாய் ஆபரேஷனில், ஈறு வைத்தியத்தில் என்று தனித்தனியாக மேல் படிப்பு உண்டு. இம்பிளாண்ட் வேலை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அவர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறாரா என்று கேட்கலாம்.

மூன்றாம் கேள்வி: முதலில் சோதித்துப் பார்க்கிறாரா? பல் போய் நாளாகிவிட்டால், அந்த இடத்துத் தாடை எலும்பு தேய்ந்துவிடும். எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுத்து, எலும்பு போதுமா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதி அடங்கி இருக்கிறதா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புத் தேய்வுக்கு மருந்து உண்டா, பீடி, புகையிலை பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்க வேண்டும். ஒன்றும் கேட்காமல், உட்காருங்கள் என்று சொல்கிறவரிடம் உட்கார வேண்டாம்.

புகையிலை போடுகிறவர்களுக்கும், சர்க்கரை அடங்காதவர்களுக்கும் திருகாணி எலும்பில் பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். டாக்டர் உள்ளதைச் சொன்னால், நீங்களும் உள்ளதைச் சொல்ல வேண்டும். புகையிலைப் பொட்டலத்தை மடியில் மறைத்துக்கொண்டு, பழக்கம் இல்லை என்று சொல்வது யாரை ஏமாற்ற?

நான்காம் கேள்வி: வேறு வழி உண்டா? இம்பிளாண்ட் ஒன்றுதான் வழி என்பது இல்லை. கழற்றி மாட்டும் பல் செட்டு இருக்கிறது. பக்கத்துப் பற்களைத் தூணாக வைத்துக் கட்டும் பாலப் பல் இருக்கிறது. மூன்றுக்கும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. மூன்றையும் விளக்கிச் சொல்கிறவர் நல்ல டாக்டர். விலை கூடியதை மட்டுமே சொல்கிறவரிடம் கொஞ்சம் யோசியுங்கள். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அங்கே பல் பிரிவில் காட்டி, இன்னொரு டாக்டர் என்ன சொல்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாம் கேள்வி: மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம்? திருகாணிக்கு ஒரு விலை. மேலே மாட்டும் பல்லுக்கு ஒரு விலை. ஸ்கேனுக்கு ஒரு விலை. எலும்பு போதாவிட்டால், அதைக் கூட்ட ஒரு விலை. எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். திருகாணி எலும்போடு சேரச் சாதாரணமாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். பதித்த திருகாணி எந்தக் கம்பெனிச் சரக்கு என்ற சீட்டையும் வாங்கிப் பெட்டியில் வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால், அந்தச் சீட்டு உதவும்.

சுத்தம் முக்கியம்

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. சுத்தமும் வேண்டும்.

2023-ம் ஆண்டு வாணியம்பாடியில் நடந்ததை மறக்கக்கூடாது. அங்கே ஒரு பல் வைத்தியசாலைக்குப் போய்வந்தவர்களில் 8 பேர், மூளையில் கிருமி தாக்கி இறந்தார்கள். டாக்டர்கள் குழு இதை ஆராய்ந்து, 2025-ம் ஆண்டு மருத்துவப் பத்திரிகையில் எழுதியது. வாயைக் கழுவும் உப்பு நீர்ப் பாட்டிலை, சுத்தம் செய்யாத கருவியால் திறந்திருக்கிறார்கள். மிச்ச நீரை மூடிவைத்து, அடுத்தவருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிருமி அந்த வழியாகப் போயிருக்கிறது. பல் வலி என்று போனவர்கள், உயிரோடு திரும்பவில்லை.

ஆகவே, கண்ணைத் திறந்து பாருங்கள். கருவிகளை நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கிறதா? கருவிகள் பொட்டலத்தில் மூடியிருந்து, உங்கள் முன்னால் பிரிக்கப்படுகின்றனவா? டாக்டர் புதுக் கையுறை போடுகிறாரா? பாட்டில் புதிதாகத் திறக்கப்படுகிறதா? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நாற்காலியில் உட்காருவது நீங்கள்.

சந்தையில் மீன் வாங்கப் போனால், புன்னக்காயல் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவார்களா? மாட்டார்கள். ஒரு வேளைக் குழம்புக்கே அவ்வளவு சோதனை. ஆயுள் பூராவும் தாடையில் இருக்கப்போகும் பல்லுக்கு, நாலு கேள்வி கேட்டால் என்ன?

கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லாத காலம் ஒன்று இருந்தது. கேட்டாலும், சரிபார்க்கப் பட்டியல் இல்லை. சோடா விற்றுக் கல்லூரி நடத்தி, சங்கம் அமைத்து, சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் அலைந்து, அந்தப் பட்டியல் உண்டாகப் பாடுபட்டார் டாக்டர் அகமது. வாயைத் திறப்பதற்கு முன்னால், அந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.